வேர்ப்பூஞ்சையும் க்ளோமலினும்: வீட்டுத்தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சென்னையில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் விதை மாற்றிக்கொள்ளக் கூடும் இடங்களில் கொஞ்ச காலமாகவே க்ளோமலின் என்ற பேர் அடிபடுகிறது. வீடியோவில் கேட்டது, வாட்ஸ்அப்பில் வந்தது, கடைக்காரர் சொன்னது என்று ஆளுக்கொரு சேதியோடு வருகிறார்கள். அதில் பாதி சரி, பாதி ஊதிப் பெரிதாக்கியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

க்ளோமலின்னா என்னங்க? உரமா, மருந்தா?

இரண்டும் இல்லை. செடிகளின் வேரோடு ஒட்டி வாழும் ஒருவகை மண் பூஞ்சை தன் இழைகளிலும் வித்துகளிலும் (ஸ்போர்) உண்டாக்கும் புரதம். சர்க்கரை மூலக்கூறுகள் சேர்ந்த புரதம் என்று சொல்லப்பட்டது. இழை செத்து உதிர்ந்த பிறகும் இது மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. பையில் அடைத்து விற்கும் சரக்கல்ல.

1996இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் சாரா ரைட், உபாத்யாயா என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து இதை வெளியுலகுக்குச் சொன்னார். அதற்கு முன்பும் மண்ணை எத்தனையோ பேர் அலசிப் பார்த்திருந்தார்கள். ஆனால் இது தண்ணீரில் கரையாது, லேசில் பிரியாது. சிட்ரேட் கரைசலில் மண்ணைப் போட்டு, ஆட்டோகிளேவ் என்ற ஆய்வக அழுத்தக் குக்கரில் 121 டிகிரி சூட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால்தான் வெளியே வரும். இந்த 121 டிகிரியை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு வம்புக்கு அதுதான் காரணம்.

பூஞ்சைன்னாலே நோய்தானே? வெள்ளையா தெரிஞ்சா நான் தொட்டியையே காலி பண்ணிடறேன்.

தொட்டி மண்ணில் வெள்ளை நூலாகக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மக்கும் குப்பையைத் தின்கிற பூஞ்சை. அது செடியைத் தொடாது, விட்டுவிடுங்கள். நாம் பேசும் வேர்ப்பூஞ்சை வேறு. அதன் இழை 2 முதல் 10 மைக்ரான் பருமன்தான், வெறுங்கண்ணுக்குச் சிக்காது. வேருக்குள் நுழைந்து, வேர்ச் செல்லுக்குள்ளேயே குட்டி மரம் போலக் கிளை விட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு முனை மண்ணுக்குள், வேர்த்தூவி எட்டாத தூரத்துக்கும் போகும். அங்கிருந்து பாஸ்பரஸ், துத்தநாகம், தண்ணீர் எல்லாம் செடிக்கு வரும். பதிலுக்குச் செடி தான் தயாரித்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் பங்கு கொடுக்கும். ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை இப்படிப் போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது நேற்றைய ஏற்பாடும் அல்ல. 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு தெரிகிறது. இன்று நிலத்தில் வளரும் செடி இனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக்கு இந்த உறவு உண்டு.

சரி, ஒரு புரதம் எப்படி மண்ணையே மாத்தும்? நம்பற மாதிரி இல்லையே.

புரதம் தனியாக மாற்றுவதில்லை, அதனால் நீங்கள் நம்பாததில் தப்பில்லை. முதலில் மண் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். களித்துகள், வண்டல் துகள், செத்த நுண்ணுயிர்களின் எச்சம் எல்லாம் ஒட்டிக்கொண்டு கால் மில்லிமீட்டருக்கும் சிறிய பொடிக் குருணைகள் ஆகின்றன. அந்தப் பொடிகள் பல சேர்ந்து கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய குருணைகள் ஆகின்றன. பொடிக் குருணையை உடைப்பது கஷ்டம், அதைக் கட்டியிருப்பது பழைய, கெட்டியான கரிமப் பொருள். பெரிய குருணையைக் கட்டியிருப்பதோ உயிரோடு இருக்கும் வேரும் பூஞ்சை இழையும். திஸ்டால், ஓட்ஸ் என்ற இரு மண்ணியலாளர்கள் 1982இல் வகுத்த இந்த அடுக்குமுறைதான் இன்றும் பாடம்.

பூஞ்சையின் வேலை இரண்டு விதம். இழைகள் குருணைகளைச் சுற்றி வலை மாதிரி பின்னி இறுக்குகின்றன. இழையிலிருந்து வரும் ஒட்டும் பொருட்கள், க்ளோமலின் என்று சொல்லப்படுவதும் அதில் சேர்த்தி, குருணையின் மேல் பூச்சாகப் படிந்து தண்ணீர் சட்டென்று உள்ளே பாய்ந்து உடைக்காமல் தடுக்கின்றன. பாக்டீரியாக்கள் சுரக்கும் கோந்தும் வேரின் வழவழப்பும் கூடவே உண்டு. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பலன் என்ன என்றால், மண் புட்டு மாவுப் பதத்துக்கு வருகிறது: பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். குருணைகளுக்கு நடுவில் பெரிய துளைகள், அதில் காற்றும் வடிகாலும். குருணைக்குள்ளே சின்னத் துளைகள், அதில் தேங்கும் ஈரம். மண்ணில் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும் என்கிற முரண்பாடு இப்படித்தான் தீர்கிறது.

நாங்க பெசன்ட் நகர், தோண்டினா மணல். என் தங்கச்சி வேளச்சேரி, அவ வீட்ல களிமண். ரெண்டுக்கும் ஒரே வைத்தியமா?

பூஞ்சை ஒன்றுதான், ஆனால் அது செய்யக்கூடியது வேறு வேறு. உங்கள் கடலோர மணலில் ஒட்டுவதற்குக் களித்துகளே குறைவு. அங்கே மணலைக் கொஞ்சமாவது பிடித்து வைப்பது வேரும் இழை வலையும்தான். அவை செத்தால் மணல் மறுபடி மணலாகிவிடும். கார்பனும் அங்கே நீடிக்காது, ஒளிந்துகொள்ளப் பரப்பு இல்லை. மூடாக்கும் மட்கு எருவும் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய மண் அது.

தங்கையின் களிமண்ணில் ஒட்டும் பரப்பு தாராளம், சிக்கல் துளைகளில். ஐப்பசி மழையில் ஊறியிருக்கும்போது அதன்மேல் நடந்தாலே துளைகள் நசுங்கிவிடும். வேர்ப்பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும், நாள் கணக்கில் தண்ணீர் நிற்கும் மண்ணில் அது சுணங்கும். அங்கே முதலில் பாத்தியை உயர்த்தி வடிகால் செய்துவிட்டுப் பிறகு பூஞ்சையைப் பற்றிப் பேசலாம்.

என் மண்ல இது இருக்கான்னு வீட்லயே பார்க்க வழி இருக்கா?

க்ளோமலினைப் பார்க்க முடியாது. குருணை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து நிழலில் நன்றாகக் காய வையுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கொசுவலைத் துண்டு அல்லது டீ வடிகட்டியில் கட்டியை வைத்து மெதுவாக முக்குங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். கட்டி அப்படியே நின்றால் நல்ல ஒட்டு இருக்கிறது. பொலபொலவென்று சரிந்து அடியில் குவிந்தால் இல்லை. வருடக்கணக்கில் யாரும் கொத்தாத வேப்பமரத்தடி மண்ணையும் பக்கத்தில் வைத்துச் செய்து பாருங்கள், வித்தியாசம் முகத்தில் அறையும்.

கட்டி சரிவது ஒன்று, தண்ணீர் பால் மாதிரி கலங்கி மணிக்கணக்கில் தெளியாமல் நிற்பது வேறொன்று. அப்படிக் கலங்கினால் களித்துகளே பிரிகிறது, பெரும்பாலும் சோடியம் மிகுந்த மண். கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறிய போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இது நடக்கும். அதைப் பூஞ்சை சரிசெய்யாது. ஜிப்சம் போட்டு மழைநீரில் அலசி வடியவிட வேண்டும்.

எங்க மாடியில மண்ணே கிடையாது. கோகோபீட்டும் மண்புழு உரமும்தான். அதுல க்ளோமலின் உருவாகுமா?

பூஞ்சை வேரில் குடியேறலாம், பாஸ்பரஸ் எடுத்துத் தரலாம். ஆனால் மண் கட்டமைப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, கட்டுவதற்கு மண் துகள் வேண்டுமே! மேலே சொன்ன டம்ளர் சோதனையும் கோகோபீட் என்கிற தென்னை நார்க் கழிவுக்குப் பொருந்தாது. தளம் தாங்கும் என்றால் கலவையில் மூன்றில் ஒரு பங்கு செம்மண் சேர்ப்பது என் விருப்பம். பாரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

வேம் பவுடர் வாங்கினேன். தண்ணில கரைச்சு இலை மேல அடிக்கலாமா?

அடித்தால் காசு காற்றோடு போகும். வேர் உட்பூசணம் என்றும் வேம் என்றும் கடையில் தருவது இந்தப் பூஞ்சையின் வித்துகளும் பூஞ்சை குடியேறிய வேர்த்துண்டுகளும், வெர்மிகுலைட் மாதிரி ஏதாவது ஒரு பொருளில் கலந்தது. உயிருள்ள வேரைத் தொட்டால்தான் அதற்கு வாழ்வு. வேர் இல்லாமல் இதைத் தனியாகப் பெருக்க முடியாது, அதனால்தான் மற்ற நுண்ணுயிர் உரங்கள் போல மலிவாக டிரம்மில் வளர்த்துத் தர முடிவதில்லை. விதைக்கும்போது விதைக்கு அடியில், நாற்று நடும்போது குழிக்குள் வேரில் படும்படி வையுங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட், தேதி தாண்டிய பாக்கெட் இரண்டும் வேண்டாம்.

எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. நிலத்தில் தோட்டம் என்றால் பூஞ்சை ஏற்கெனவே இருக்கும், அதை வாழவிட்டால் போதும். புதுக் கலவை நிரப்பிய தொட்டிக்கு வாங்குவதில் அர்த்தம் உண்டு. காசில்லாத வழி, நன்றாக வளர்ந்த பழைய செடியின் வேரோடு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் புதுத் தொட்டியில் கலப்பது. அந்த வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயறு, அவரை வேரில் ஒட்டியிருக்கும் மணிகள் நல்லவை. தக்காளி, வெண்டை வேர் தானே வீங்கியிருந்தால் நூற்புழு, அதைப் பரப்பிவிடாதீர்கள்.

கீரைக்குப் போட்டுப் பார்த்துட்டேன் அக்கா, ஒரு மண்ணும் ஆகல. டூப்ளிகேட் சரக்கா?

சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம், நீங்கள் தேர்ந்தெடுத்த செடிதான் அதைச் சேர்த்துக்கொள்ளாது. அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட் எல்லாம் இந்தப் பூஞ்சையோடு உறவு வைக்காத குடும்பம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, கடுகு குடும்பமும் அப்படியே. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, வெங்காயம், அவரை, சோளம், மல்லிகை இவை வரவேற்கும். வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் கீரை என்ற பேரில் விற்றாலும் வேறு குடும்பம், அவற்றில் வரும்.

மாடியில் வருடம் முழுக்கக் கீரையும் முள்ளங்கியுமே போடுகிறவர்களின் தொட்டியில் பூஞ்சை மெல்ல அற்றுப்போகும். நடுவில் ஒரு போகம் தட்டைப்பயறு போடுங்கள்.

ட்ரைக்கோடெர்மா விரிடியும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அது மண்ணில் தனியாக வாழும், நோய்ப் பூஞ்சைகளைத் தாக்கும். இது வேரில்லாமல் வாழாது.

டிஏபி-ஐ நிறுத்தணுமா? நான் எலும்புத் தூள்தான் போடறேன், அது இயற்கைதானே.

இயற்கையா செயற்கையா என்பது இங்கே கேள்வியே இல்லை. மண்ணில் செடிக்குக் கிடைக்கும்படியான பாஸ்பரஸ் நிறைய இருந்தால் செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். தானே எடுத்துக்கொள்ள முடிகிறபோது இடையில் ஆள் எதற்கு? டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி பாஸ்பரஸ் ரசாயன உரங்களில் விளைவு உடனே. கோழி எரு, எலும்புத் தூள் இரண்டையும் தொடர்ந்து அள்ளிப் போட்டாலும் நாளடைவில் அதே கதைதான். வேமும் வாங்கி டிஏபியும் போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது.

பூஞ்சைக்கொல்லி பற்றியும் கேட்கிறார்கள். கார்பென்டசிம்மை வேரில் ஊற்றுவதைத் தவிருங்கள். ஆய்வுகளில் வேர்ப்பூஞ்சையை வேண்டுமென்றே ஒடுக்கப் பயன்படுத்தும் பெனோமில் என்ற மருந்து மண்ணில் சிதைந்து கார்பென்டசிம்மாகத்தான் மாறுகிறது.

எங்க தாத்தா கொத்தி விட்டாதான் மண்ணுக்கு மூச்சு வரும்பாரு. நீங்க கொத்தாதேங்கறீங்க.

தாத்தா சொன்னது அன்றைக்குத் தெரியும் பலன். கொத்தியதும் காற்று போகிறது, மண் பொலபொலப்பாகிறது. கூடவே இழை வலை அறுகிறது, குருணை உடைகிறது, உள்ளே அடைபட்டிருந்த கரிமப் பொருள் நுண்ணுயிர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. அடுத்த பெருமழையில் பொடி மண் துளைகளை அடைத்து மேலே ஓடு மாதிரி இறுகிப் பத்துக் கட்டிவிடும். பத்தை உடைக்க மறுபடி கொத்த வேண்டும். கட்டிடக் குப்பையோடு கல்லாக இறுகிப்போன இடத்தை முதலில் ஒருமுறை ஆழமாகக் கிளறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வருடாவருடம் செய்வதில்தான்.

அறுவடை முடிந்த செடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள், மேலே காய்ந்த இலை மூடாக்கு. சென்னைத் தோட்டங்களில் பெரிய ஓட்டை சித்திரை, வைகாசி. வெயிலுக்குப் பயந்து பாத்தியை வெறுமனே காயவிடுகிறார்கள். வேரில்லாத நாட்கள் பூஞ்சைக்குப் பட்டினி. கொஞ்சம் தண்ணீர் காட்ட முடிந்தால் சணப்பையோ கொள்ளோ தூவி வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

மண்ணுல இருக்கற கார்பன்ல கால் பங்குக்கு மேல க்ளோமலின்தான்னு படிச்சேன். நிஜமா?

27 சதவீதம் என்ற எண்ணைப் படித்திருப்பீர்கள். 2002 வாக்கில் அமெரிக்க வேளாண் துறை பக்கமிருந்து கிளம்பி உலகம் சுற்றி வந்த எண் அது. ஒரு சில மண் மாதிரிகளில் அளந்ததை உலகத்து மண்ணுக்கெல்லாம் சூத்திரமாக்கிவிட்டார்கள். 2001இல் ஹவாய்த் தீவுகளின் பழைய காட்டு மண்ணில் பார்த்தபோது மொத்தக் கார்பனில் 4, 5 சதவீதம்தான் வந்தது.

அளக்கும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன 121 டிகிரி ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சூட்டில் மற்ற புரதங்கள் அழிந்து க்ளோமலின் மட்டும் மிஞ்சும் என்று எண்ணினார்கள். உண்மையில் வேறு புரதங்கள், கொழுப்பு, மட்குப் பொருட்கள் எல்லாமே கரைசலில் இறங்குகின்றன. பிறகு புரதத்தை அளக்கப் பிராட்ஃபோர்ட் சாயம் சேர்ப்பார்கள், அது மட்குப் பொருளையும் புரதம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மண் ஆய்வாளர் மத்தியாஸ் ரில்லிக் 2004இல் பெயரையே மாற்றச் சொன்னார்: அளப்பது க்ளோமலின் அல்ல, 'க்ளோமலின் சார்ந்த மண் புரதம்' என்று எழுதுங்கள் என்று. 2011இல் அந்தக் கரைசலைப் பிரித்துப் பார்த்தவர்கள் வேர்ப்பூஞ்சைக்குச் சம்பந்தமில்லாத புரதங்களும் அதில் கலந்திருப்பதைக் காட்டினார்கள்.

அப்போ க்ளோமலினே கட்டுக்கதையா?

அப்படித் தூக்கி எறிய வேண்டாம். வேர்ப்பூஞ்சை குடியேறிய மண்ணில் தண்ணீரில் உடையாத குருணைகள் கூடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை எந்த மூலக்கூறு செய்கிறது என்பதில்தான் வழக்கு. 2006இல் க்ளோமலினுக்கான மரபணுவைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது செல்லுக்குள் வெப்பத்தைச் சமாளிக்க உதவும் ஒரு புரதத்தின் சாயல். அது ஏன் மண்ணில் பசை வேலை செய்ய வேண்டும் என்பது இன்னும் தீராத கேள்வி. தோட்டக்காரருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, பசையின் பேர் தெரியாவிட்டாலும் பூஞ்சையை வளர்க்கலாம். க்ளோமலின் பேரைச் சொல்லி யாராவது பாட்டில் விற்றால் மட்டும் கையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

உள்ள போன கார்பன் எத்தனை வருஷம் தங்கும்? நம்ம ஊர் வெயிலுக்குமா?

அதே ஹவாய் ஆய்வில் 6 முதல் 42 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பழைய எரிமலை மண்ணின் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும், மழைக்காலச் சென்னை அதற்குத் தோதான இடம். இங்கே கார்பன் தங்குவது இரண்டு காரணத்தால்: களித்துகளின் மேல் ஒட்டிக்கொள்வது, குருணைக்குள் அடைபட்டு நுண்ணுயிருக்கு எட்டாமல் இருப்பது. குருணை உடையாதவரை பாதுகாப்பு. கொத்துவதைப் பற்றிய பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

2023இல் வந்த ஒரு கணக்கு, உலகச் செடிகள் ஆண்டுக்கு 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான கார்பனை எல்லா வகை வேர்ப்பூஞ்சைகளுக்கும் அனுப்புகின்றன என்றது. அது கைமாறும் அளவு, சேமிப்பில் நிற்கும் அளவல்ல. வந்ததில் பெரும்பகுதி மூச்சாகத் திரும்பிப் போகிறது. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மாடியில ஐம்பது பை வச்சிருக்கேன். கார்பன் கிரெடிட் ஏதாவது தேறுமா?

கரியமில வாயுவைப் பிடித்து வைத்ததற்குக் கிடைக்கும் பணத்தைத்தானே கேட்கிறீர்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு பையில் 10 கிலோ மண், அதில் கரிமம், அதாவது கார்பன், மண் எடையில் ஒரு சதவீதம் கூடியது என்றால் 100 கிராம் கார்பன். கரியமில வாயுவாகப் பெருக்கினால் ஏறத்தாழ 367 கிராம். ஐம்பது பைக்கு 18 கிலோ சொச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும், ஆக மொத்தம் 8 லிட்டர் பெட்ரோல். அதுவும் நீங்கள் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட எருவின் கார்பனைக் கழிக்காமல்!

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 850 டன். அதில் கரிமம் 0.1 சதவீதம் கூடி நிலைத்தாலே 3 டன்னுக்கு மேல் கரியமில வாயு உள்ளே போனதாகும்.

நிறைய பேர் இப்படிச் செஞ்சா சென்னையில வெள்ளம் குறையுமா?

உங்கள் தோட்டத்தில் தண்ணீர் இறங்கும், பாத்தியில் தேங்குவது குறையும். 2015 டிசம்பர் மாதிரி கொட்டினால் சிமென்ட் தளமும் அடைபட்ட வாய்க்காலும் தூர்த்த ஏரியும் முடிவு செய்வதைப் பூஞ்சை மாற்றாது.

மண் டெஸ்ட்ல அங்கக கரிமம் 0.4ன்னு வந்திருக்கு. மோசமா? க்ளோமலின் டெஸ்ட்டும் எடுக்கணுமா?

வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் 0.5க்குக் கீழே குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். 0.4 என்பது இங்கே சர்வ சாதாரணம், பதற வேண்டாம். க்ளோமலின் சோதனை வேண்டாம். அளவீட்டில் இருக்கும் சிக்கலை மேலேயே பார்த்தோம், எண் கிடைத்தாலும் அதை வைத்து நீங்கள் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை.

கரிமத்தை மட்டும் ஒழுங்காக அளந்து வாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும் முன் புரட்டாசியில், ஒரே ஆழத்தில், நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து, முடிந்தால் ஒரே ஆய்வகத்தில். எருப் போட்ட சூட்டோடு மாதிரி எடுக்காதீர்கள், எருவின் கணக்குத்தான் வரும். ஒரு வருட ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று நான்கு வருட எண்கள் கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.